தொண்ணூற்றொன்பதாம் ரேக்

பையை வேணா வாங்கிக்கங்க அக்கா, டப்பா என் கையிலேயே இருக்கட்டும். இல்லைங்க, கனமெல்லாம் இல்லை. தயிர்சோறுதான். பஸ் ஆட்டத்தில சாஞ்சா ஒழுகிடும், உங்க சீலையில பட்டுடும். அதுக்குத்தான்.

நீங்க நல்லா உக்காருங்க, கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எனக்காக எதுக்கு ஒதுங்குறீங்க. சரி, இவ்வளவு சொல்றீங்க, ஓரமா உக்காந்துக்கறேன். பாப்பாவுக்கு எத்தனை மாசம்? ஏழா? என் பொண்ணுக்கு மூணு வயசு முடிஞ்சது. மிதுனான்னு பேரு. பால்வாடியில விட்டுட்டு வர்றேன்.

ஒரு நிமிசங்க. பாப்பா சட்டையில அந்த அமுக்குற ஸ்னாப் பட்டனை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கட்டுமா? தப்பா நினைக்காதீங்க. ஆங். இது பிளாஸ்டிக்கு. இது ஒண்ணும் செய்யாது. போடுங்க, தாராளமா போடுங்க.

எனக்குப் பட்டனைக் கண்டாத் தொடணும், அது ஒரு பழக்கமாயிடுச்சு. மூணு வருசமா அதுதான் வேலை. பனியன் கம்பெனியில ஸ்டோர். துணியைத் தவிர சட்டையில ஒட்டுற எதுவா இருந்தாலும், பட்டன், நூல், எலாஸ்டிக், லேபிள், எல்லாம் எங்க ரூமிலதான். தைக்கிற லைன்ல இருந்து கேப்பாங்க, நான் எடுத்துக் கொடுத்துட்டு கம்ப்யூட்டர்ல அடிக்கணும்.

வாய்க்கால்மேடு பிரிவு போய்ச் சேர எவ்வளவு நேரங்க ஆகும்? அரை மணியா? ரயில்வே கேட்டு போட்டுட்டா அது வேற. பத்து மணிக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஒரு சாமான் வருது. அது கம்பெனிக்குள்ள வர்றதுக்கு முன்னாடி நான் ஒரு ஆளைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும். ஒரே வார்த்தைதான். நேத்து மத்தியானத்தில இருந்து வாய் வரைக்கும் வந்து வந்து உள்ள போகுது.

நான் அதிகம் பேசமாட்டேங்க. என் வீட்டுக்காரரே சொல்லுவார், உன்கிட்ட ஒரு பதில் வாங்கறதுக்குள்ள நான் லோடு இறக்கிட்டே வந்துடலாம்னு. லாரியில போறார், வாரத்துக்கு ஒரு நாள் வருவார். ஏழாவது வரைக்கும்தான் படிச்சேன். இங்கிலீசு எழுத்துக்கூட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனா பாருங்க, பழைய சிஸ்டம் எனக்கு விரல்ல இருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ரெண்டு கீழ போய் ஒரு எண்டர், பட்டன் நம்பர், மறுபடி எண்டர், ரேக் நம்பர், எத்தனைன்னு அடிச்சா முடிஞ்சது. படிக்கவே வேண்டாம். கண்ணை மூடிக்கிட்டு அடிப்பேன்.

எங்க ஸ்டோர்ல ரேக் நாப்பதுதான். அந்தப் பழைய சிஸ்டத்துக்கு அது தெரியாதுங்க. எந்த நம்பர் அடிச்சாலும் வாங்கிக்கும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி குழந்தைச் சட்டைக்குன்னு மூணு பெட்டி இரும்பு ஸ்னாப் வந்தது. வெள்ளை பூச்சு அடிச்சது, பாக்க முத்து மாதிரி இருக்கும். நம்ம டெஸ்டிங் ரூம்ல பஞ்சுக் குச்சியில மருந்தைத் தொட்டு அது மேல தேய்ச்சுப் பாப்பாங்க. பஞ்சு வெள்ளையா இருந்தா நல்ல பட்டன். ரோஸ் ஆச்சுன்னா நிக்கல் இருக்குன்னு அர்த்தம். அது குழந்தை உடம்புல படக்கூடாது, பட்ட இடமெல்லாம் தடிச்சு, செவந்து, தண்ணி வடியுமாம். அன்னைக்குத் தேய்ச்ச பஞ்சு செம்பருத்திப் பூ மாதிரி ஆயிடுச்சு. நான் பக்கத்தில நின்னுதான் பாத்தேன். அப்ப மிதுனா, பாருங்க, உங்க பாப்பாவை விடக் கொஞ்சம்தான் பெரிசு.

பட்டன் கொடுத்தவங்க திரும்ப எடுத்துக்கறோம்னாங்க. எடுக்கவே இல்லை. ஸ்டோர் பாத்துக்கற குப்புராஜண்ணன் என்கிட்ட சொன்னார், “எங்கயாவது ஒரு மூலையில தள்ளு புள்ள, அவன் வந்து எடுக்கற வரைக்கும் யார் கையிலயும் சிக்காம இருந்தாச் சரி.” பெட்டியை மாடிப்படிக்கு அடியில தள்ளிட்டேன். கம்ப்யூட்டர்ல எங்க தள்ளறது? இது ஆகாத சரக்குன்னு சொல்ல அதில ஒரு வழியும் இல்லைங்க. யோசிச்சுப் பாத்துட்டு, ரேக் நம்பர்ல தொண்ணூத்தொன்பதுன்னு அடிச்சேன். அப்படி ஒரு ரேக்கே இல்லை. இல்லாத ரேக்கில போய் யாரு பட்டன் எடுப்பாங்க?

பெட்டி மேல ஒட்டற சிவப்புத் தாள் ரெண்டு மாசத்தில உதிர்ந்துடும். அதனால நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மூணு பெட்டி மூலையிலயும் ஒண்ணு ஒண்ணு ஒட்டினேன். பொட்டு விடாதுங்க, வருசக்கணக்கா இருக்கும்.

அப்புறம் வந்ததெல்லாம் அப்படித்தான். சாயம் விடற நூலு, நாத்தம் அடிக்கிற எலாஸ்டிக், தப்பா அச்சடிச்ச லேபிள். தொண்ணூத்தொன்பதுன்னு அடி, பொட்டை ஒட்டு, படிக்கட்டுக்கு அடியில தள்ளு. மொத்தம் பதினாலு சரக்கு. எது எதுக்கு என்ன குத்தம்னு எங்கயும் எழுதலை. எல்லாம் இங்க இருக்கு, மண்டையில. இப்பக் கேட்டாலும் வரிசையாச் சொல்லுவேன். யாராவது கேட்டாத்தானே.

அதுதாங்க என் வருத்தமே. யாரும் என்னைக் கேட்கலை.

இந்த ஆனியிலதான் புது சிஸ்டம் போடறோம்னு கோயமுத்தூர்ல இருந்து நாலு பேர் வந்தாங்க. பழசை எடுத்துட்டு எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்தறாங்களாம். கம்பெனியில எதுவும் இருக்காது, எல்லாம் மேல இருக்கும்னு சொன்னாங்க. குப்புராஜண்ணன், “மழை வந்தா பட்டனெல்லாம் கொட்டிடுமாங்க சார்”னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், ஆனா எனக்கு வேற பயம்.

ஏன்னா அதுக்கு முந்தின வாரம்தான் அதே குப்புராஜண்ணன் சொல்லியிருந்தார், “புது சிஸ்டத்துக்கு இங்கிலீசு தெரிஞ்ச புள்ளைங்கதான் வேணுமாம் தெய்வானை. உன்னையப் பிசிறு வெட்ட அனுப்பிடுவாங்க. கத்திரியைத் தீட்டி வெச்சுக்க.” அவருக்கு அது விளையாட்டு. தைச்ச சட்டையில பிசிறு நூல் வெட்டற பக்கம் ராத்திரி எட்டு மணி வரைக்கும் விடமாட்டாங்க. ஸ்டோர் அஞ்சரைக்கு முடியும். பால்வாடியில இருந்து புள்ளையைக் கூட்டிட்டு வந்து வெச்சிருக்கற பக்கத்து வீட்டக்கா ஆறு மணி வரைக்கும்தான் பாத்துக்குவாங்க, அவங்களும் வேலைக்குப் போகணும். எட்டு மணி வரைக்கும் என் புள்ளை எங்க நிக்கும், சொல்லுங்க? எனக்கு ஸ்டோர் போச்சுன்னா வேலையே போச்சுங்க.

வந்த நாலு பேர்ல ஒரு பொண்ணு. ஹர்ஷினி மேடம். என் வயசுதான் இருக்கும். மத்தவங்க ஏசி ரூம்ல உக்காந்துக்குவாங்க, இவங்க மட்டும் ஸ்டோருக்குள்ள வந்து பெட்டி மேல உக்காந்துக்குவாங்க. ரெண்டு டீ வாங்கிட்டு வந்து ஒண்ணு எனக்குக் கொடுப்பாங்க. என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. மிதுனா என்ன சாப்பிடறா, பேச்சு வந்துடுச்சா, எல்லாம் கேப்பாங்க. போட்டோ காட்டினேன். ஒரு துண்டுச் சீட்டில நம்பர் எழுதிக் கொடுத்து, “அக்கா, எது ஒண்ணுன்னாலும் கூப்பிடுங்க. நான் கோயமுத்தூர்ல உக்காந்துக்கிட்டே கம்ப்யூட்டர்ல உங்க ரேக்கைப் பூட்டுவேன், தொறப்பேன்”னாங்க. நல்ல பொண்ணுங்க. ஆனா என்ன நல்ல பொண்ணு? ஊர்க்கதையெல்லாம் கேட்டாங்களே, ஸ்டோர் கதையைக் கேட்டாங்களா?

என்னங்க? நானாச் சொல்லியிருக்கலாமா? எப்படிங்க சொல்றது. ரெண்டு வருசமா இல்லாத ரேக்கில சரக்கு வெச்சேன்னு சொன்னா, இவ பொய்க் கணக்கு அடிச்சவன்னு ஆகாதா? முதல்ல வெளிய போறது நானாத்தானே இருக்கும்.

சரக்கெல்லாம் கடைசியா எண்ணிப் புதுசில ஏத்தற சனி ஞாயிறு மிதுனாவுக்குக் காய்ச்சல். நான் போகலை. திங்கட்கிழமை போனா, புதுசா வந்த கைக் கம்ப்யூட்டர், டேப்பும்பாங்க, அது மேல சந்தனம் குங்குமம் வெச்சு, சூடம் காட்டி, பூசை முடிஞ்சிருந்தது. குப்புராஜண்ணன் சிரிச்சுக்கிட்டே வந்தார். “உன் படிக்கட்டுக் குப்பையெல்லாம் எடுத்தாச்சு புள்ள. தொண்ணூத்தொன்பதுன்னு ஒரு ரேக்கே இல்லியேன்னு பட்டன் நம்பரை வெச்சுத் தேடித் தேடி, ஒரே பட்டனெல்லாம் ஒரே இடத்தில அடுக்கியாச்சு. பாரு, எவ்வளவு சுத்தமா இருக்குது.”

ஓடிப் போய்ப் பாத்தேன். பன்னண்டாம் ரேக்கில நல்ல ஸ்னாப் எட்டுப் பெட்டி. அதுக்குப் பக்கத்திலயே, தோளோட தோளா, என் மூணு பெட்டி. எல்லாத்துக்கும் புதுசா கோடு போட்ட ஸ்டிக்கர். நல்ல பட்டனுக்கு வாங்கின டெஸ்ட் சர்ட்டிபிகேட்டு இதுக்கும் சேத்து ஒட்டிக்கிச்சு. ரெண்டுக்கும் ஒரே நம்பர், ஒரே பட்டன்தானே அந்த சிஸ்டத்துக்கு.

அன்னைக்குச் சாப்பாட்டு நேரத்தில யாரும் இல்லாதப்ப ஒரு பெட்டியைத் திரும்ப படிக்கட்டுப் பக்கம் இழுத்தேங்க. இப்ப எதை நகத்தினாலும் அந்தத் துப்பாக்கி மாதிரி ஒண்ணு இருக்கில்ல, அதை வெச்சு அந்தக் கோட்டு மேல அடிக்கணும். அடிச்சேன். டேப்பு பூராச் சிவப்பாகி கூவுது. குப்புராஜண்ணன் வாயில சோத்தோட ஓடி வந்தார். “ஏய், எடுத்த இடத்திலேயே வெய்யி. இங்க தும்மினாக் கோயமுத்தூர்ல கேக்குது.” வெச்சுட்டேன்.

அப்புறம் மூணு நாள் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு நினைக்காதீங்க. நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். எட்டுப் பெட்டி நல்லது இருக்கே, முதல்ல அதைத்தான எடுப்பாங்கன்னு ஒரு தைரியம். அந்தப் புது சிஸ்டத்துக்கு வேற புத்தி. எது முதல்ல வந்ததோ அதை முதல்ல தீர்க்கணும்னு அதுக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. எனக்கு எப்படிங்க தெரியும்?

நேத்து மூணு மணிக்கு நாலாம் லைனுக்கு நூல் கொண்டு போனேன். குழந்தை ரோம்பர் தைக்கிறாங்க, சட்டையும் டவுசரும் ஒண்ணா இருக்குமே, அது. பன்னண்டாயிரம் பீஸ், அடுத்த வாரம் கப்பல். ஸ்னாப் அடிக்கிற மெஷினுக்குக் கீழ ஒரு பெட்டி, பாதி காலி. மூலையில என் பொட்டு.

அடிச்சு முடிச்சது நானூறு பீஸ் இருக்கும், குவிஞ்சு கிடக்குது. ஒவ்வொண்ணிலயும் அடியில மூணு பட்டன், தோள்ல ரெண்டு. எல்லாம் குழந்தை உடம்புல ஒட்டிக்கிட்டு இருக்கற இடம்.

மேனேஜர் திருமூர்த்தி சார் லைன்லதான் நின்னார். பக்கத்தில போய் நின்னேன். போன் பேசிக்கிட்டே இருந்தார். பத்து நிமிசம் நின்னேன். “என்னம்மா?”ன்னார். “ஒண்ணுமில்லீங்க சார்”னு சொல்லிட்டு வந்துட்டேன். நாக்கு எனக்கு அப்படித்தாங்க. பெரியவங்க என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைன்னுதான் வரும். அது தானா வரும்.

குப்புராஜண்ணன்கிட்டப் போனேன். “அண்ணா, நாலாம் லைனுக்குப் போன ஸ்னாப்பு அந்த ரோஸ் ஆன ஸ்னாப்புங்க.”

“எந்த ரோஸு?”

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வந்ததுங்களே.”

“சிஸ்டம் என்ன சொல்லுது?”

“நல்லதுன்னு சொல்லுதுங்க.”

“அப்ப நல்லது. இத்தனை நாளும் எல்லாத்துக்கும் நம்ம தலையை உருட்டுனாங்க. இனி அது தலையை உருட்டட்டும். போயி வேலையைப் பாரு.”

நாலு மணிக்கு டீ பெல் அடிச்சது. லைன் காலியாயிடுச்சு. அந்த ஸ்னாப் மெஷின்ல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு டைன்னு இரும்பு அச்சு இருக்கும், கட்டை விரல் அளவு. அதுதான் பட்டனை அழுத்தறது. அந்த சைஸுக்கு எங்க கம்பெனியில அது ஒண்ணுதான். அது இல்லைன்னா மெஷின் சும்மா. நான் என்ன நினைச்சேன்னு எனக்கே தெரியலைங்க. மேல இருக்கறதைத் திருகி எடுத்தேன். முந்தானையில முடிஞ்சேன். டீ வாங்கப் போனேன். டீயும் குடிச்சேன்.

அப்புறம் ஒரே கூச்சல். மத்தியானம் அந்த மெஷினுக்கு எண்ணெய் விட்டது மெக்கானிக் சகாயண்ணன். அவர் மேலதான் எல்லாரும் பாஞ்சாங்க. அவர் பாவம், மெஷினுக்கு அடியில படுத்து விளக்கடிச்சுத் தேடறார், குப்பையைக் கொட்டித் தேடறார். திருமூர்த்தி சார் எல்லாருக்கும் முன்னாடி சொன்னார், “கப்பல் போறப்ப டையைக் காணோமா? எந்தக் கம்பெனிக்காரன்கிட்ட வித்தே? கிடைக்கற வரைக்கும் நீ உள்ள வராதே.” பதினாறு வருசமா அங்க இருக்கற மனுசன். கையைத் துடைச்சுக்கிட்டுப் போனார்.

நான் அங்கதான் நின்னேன். நாலடி தூரத்தில.

சாயங்காலம் கேட்டில ஒவ்வொருத்தர் பையையும் கொட்டிப் பாத்தாங்க. நான் டையை டப்பாவில மிச்சச் சோத்துக்குள்ள அமுக்கி வெச்சிருந்தேன். செக்யூரிட்டி அக்கா டப்பாவைத் தொறந்து, மூக்கைச் சுளிச்சு, “ஏன் புள்ள, பாதிச் சோத்தை வெச்சிருக்கே, மறுபடியும் மாசமா?”ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. மூடிக் கொடுத்துட்டாங்க.

ஆமாங்க, இந்த டப்பாதான். மெதுவாப் பேசுங்க அக்கா, முன் சீட்டில எங்க கம்பெனிப் புள்ளைங்க ரெண்டு பேர் இருக்காங்க. இன்னைக்குப் புதுச் சோறுதான், ஆனா டையும் உள்ளதான் இருக்கு. வீட்டில வெச்சா மிதுனா எடுத்து வாயில போட்டுக்கும்.

இதுதாங்க விசயம். புது டை பத்து மணிக்கு வந்துடும். வந்தா லைன் ஓடும். ஓடினா இன்னைக்கே ரெண்டாயிரம் பீஸ் அடிச்சுடுவாங்க. சகாயண்ணன் காலையிலேயே கேட்டுக்கு வெளிய வந்து உக்காந்திருப்பார், எனக்குத் தெரியும், அவர் அப்படித்தான். அவரைத் தாண்டித்தான் நான் உள்ள போகணும்.

பேசாம டையை மெஷினுக்கு அடியில போட்டுடலாம்னும் ஒரு நினைப்பு வருது. கிடைச்சுடுச்சும்பாங்க. சகாயண்ணனை உள்ள விட்டுடுவாங்க. யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனா பட்டன் போயிடும். ஏதோ ஒரு ஊர்ல ஏதோ ஒரு குழந்தை, நமக்குத் தெரியவா போகுது. நீங்க என்ன சொல்றீங்க?

எதுக்குங்க அக்கா பாப்பா பட்டனையே தடவிப் பாக்கறீங்க, அது பிளாஸ்டிக்குன்னேனே.

அந்த மேடம் நம்பரா? இருக்குங்க. போன் கவருக்குள்ளதான் இருக்கு. இந்தாங்க, இதுதான் அந்தச் சீட்டு. ரீசார்ஜ் முடிஞ்சு நாலு நாள் ஆச்சு, கூப்பிட்டா வரும், இங்கிருந்து போகாது. அதனாலதான் கூப்பிடலை. இல்லைன்னா என்னைக்கோ கூப்பிட்டிருப்பேன்.

உங்க போன்லயா? வேண்டாங்க அக்கா. இந்நேரம் வேற கம்பெனிக்குப் போயிருப்பாங்க. அவங்களுக்கு ஆயிரம் வேலை. நான் யாருன்னே ஞாபகம் இருக்காது. வேண்டாங்க, நான் நேரா சார்கிட்டயே சொல்லிக்கறேன், சத்தியமாச் சொல்லிடறேன், நீங்க எதுக்கு உங்க காசைப் போட்டு...

அடிச்சிட்டீங்களா.

ரிங் போகுதுங்க. எடுக்கமாட்டாங்க பாருங்க. நான்தான் சொன்னேனே, எடுக்கமாட்...

இந்த டப்பாவைக் கொஞ்சம் புடிங்க. பாத்து, சாய்க்காதீங்க.

மேடம். நான் தெய்வானைங்க. ஸ்டோர் தெய்வானை. ஆமாங்க, மிதுனா அம்மா. காய்ச்சல் விட்டுடுச்சுங்க, நல்லா இருக்கா. பஸ்ல இருக்கேங்க, அதான் சத்தம். ஒண்ணுமில்லீங்க, சும்மாதான்.

இல்லைங்க மேடம். வெச்சுடாதீங்க. ஒண்ணுமில்லைன்னு சொன்னது பொய்.

நீங்க கேட்டீங்கல்ல, தொண்ணூத்தொன்பதுன்னா என்ன அக்கான்னு. பெட்டி மேல உக்காந்து டீ குடிச்சப்ப ஒரு தடவை கேட்டீங்க. ஊருக்குப் போற அன்னைக்கு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு இன்னொரு தடவை கேட்டீங்க. ரெண்டு தடவையும் தெரியாதுன்னு தலையாட்டினேன். தெரியுங்க மேடம். நான் வெச்ச ரேக்குதான் அது. எல்லாம் ஆகாத சரக்கு.

பன்னண்டாம் ரேக்கை முதல்ல பூட்டுங்க. மேடம், முதல்ல பூட்டுங்க, அப்புறம் திட்டுங்க. நாலாம் லைன்ல நானூறு பீஸ் அடிச்சுட்டாங்க, அதையும் நிறுத்தச் சொல்லுங்க. மெஷின் டை என்கிட்ட இருக்கு, சகாயண்ணன் எடுக்கலை. அவர் எடுக்கலைன்னு அவர் பேர் போட்டே எழுதிக்கங்க.

பூட்டிட்டீங்களா? சிவப்பா வருதுங்களா?

சரிங்க. நான் வரிசையாச் சொல்றேன், எழுதுங்க. ஒண்ணு, வெள்ளை ஸ்னாப், மூணு பெட்டி, நிக்கல். ரெண்டு, ஊதா நூல், பதினெட்டுக் கோன், சாயம் விடும். ஒரு நிமிசங்க மேடம்.

அக்கா, கண்டக்டர்கிட்ட விசில் அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க. என் ஸ்டாப் போனாப் போகட்டும், அடுத்ததில எறங்கி நடந்துக்கறேன். இன்னும் பன்னண்டு சரக்கு இருக்கு.